நாட்டுக்காக ஓடுவதற்கு

(கொழும்பு, கொட்டாஞ்சேனையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடிய தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் எமது நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்கு சுகததாச விளையாட்டரங்கைத் தெரியாமல் இருக்காது. நடந்து போகிற தூரம்தான். 1991ஆம் ஆண்டும் 2006ஆம் ஆண்டும் தெற்காசிய விளையாட்டு விழா கொழும்பில் நடந்தபோது பல நாட்டுப் பிள்ளைகள் அங்கே வந்து ஓடினார்கள். அந்த மதில் ஓரமாக நாமும் போய் வருகிறோம். உள்ளே ஓடுகிறவர்கள் யார், எந்த வழியாக அங்கே போனார்கள் என்று கேட்பதில்லை. இன்றைக்கு அதைத்தான் கொஞ்சம் பேசப் போகிறோம்.

நமது நாடு முதன்முதலாக ஒலிம்பிக்குக்குப் போனது 1948இல், லண்டனுக்கு. சுதந்திரம் கிடைத்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. சிலோன் என்ற பெயரில் போனது ஒரு சின்னக் குழு. களுத்துறைப் பக்கம் லத்பந்துரையில் பிறந்த டங்கன் வைட், 400 மீற்றர் சட்டவேலி ஓட்டத்தை 51.8 செக்கனில் ஓடி இரண்டாவதாக வந்தார். போன முதல் தடவையே வெள்ளிப் பதக்கம்! 1950இல் ஒக்லாந்தில் நடந்த பேரரசு விளையாட்டு விழாவில் அவரே தங்கமும் எடுத்தார். இன்று பொதுநலவாய விளையாட்டு விழா என்கிறோமே, அதுதான் இது. அதற்கும் முன்னால், 1938இல் சிட்னியில், பானி ஹென்றிகஸ் குத்துச்சண்டையில் தங்கம் வென்றிருந்தார்.

இதே 1948இல்தான் நமது மக்களுக்கும் ஒன்று நடந்தது. வைட் பதக்கம் வாங்கியது ஜூலை 31ஆம் திகதி. இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அமுலுக்கு வந்தது நவம்பர் 15ஆம் திகதி. அந்தச் சட்டத்தினால் மலையகத் தோட்டங்களில் இருந்த நமது பாட்டன் பாட்டிமாரில் மிகப் பெரும்பாலானவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். வோட்டு போனது பற்றி எல்லோரும் பேசுகிறோம். விளையாட்டும் அதோடு போனதை யாரும் பேசுவதில்லை. ஒரு நாட்டுக்காக ஒலிம்பிக்கில் ஓட வேண்டுமென்றால் அந்த நாட்டின் பிரஜையாக இருக்க வேண்டும். பதுளையிலோ ஹட்டனிலோ மானைப் போல ஓடுகிற பிள்ளை ஒன்று இருந்திருந்தாலும், அது எந்த நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கும்? அந்தக் காலத்தில் நாட்டின் ஏற்றுமதி வருமானத்தில் பெரும் பங்கு நாம் பறித்த கொழுந்திலிருந்து வந்தது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள்.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்து இராமேஸ்வரம் கப்பல் ஏறின. மிச்சம் இருந்தவர்களின் பிரச்சினை 1988ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தாலும்தான் தீர்ந்தது. 55 வருஷம் என்பது ஒரு தலைமுறைக்கும் மேலே.

தமிழர் யாரும் இந்த நாட்டுக்குப் பதக்கம் எடுக்கவில்லையா என்று கேட்கலாம். எடுத்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம். 1952இலும் 1956இலும் ஒலிம்பிக்குக்குப் போனவர். 1958இல் டோக்கியோ ஆசிய விளையாட்டு விழாவில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றார். ஆசிய விழாவில் இந்த நாடு கண்ட முதல் தங்கம் அது. 1958 மே மாதக் கடைசி என்றால் பெரியவர்களுக்கு விளங்கும். அங்கே அவர் பாய்ந்துகொண்டிருந்த அந்த நாட்களில்தான் இங்கே இனக்கலவரம். கொழும்புத் தமிழ்க் குடும்பங்கள் அகதி முகாமுக்கும், அங்கிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கும் போய்க்கொண்டிருந்தன. அப்படியிருந்தும் அந்த மனுஷன் 1962இல் ஜகார்த்தாவுக்கும் இந்த நாட்டுக்காகவே போய் வெள்ளி எடுத்தார். பெரிய மனசு!

வைட்டுக்குப் பிறகு ஒலிம்பிக் பதக்கத்துக்கு நாடு 52 வருஷம் காத்திருந்தது. 2000ஆம் ஆண்டு சிட்னியில் சுசந்திகா ஜயசிங்க 200 மீற்றரை 22.28 செக்கனில் ஓடினார். முன்னால் வந்தவருக்கு 22.27. கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. முதலாவதாக வந்த அமெரிக்கப் பெண் ஊக்கமருந்து பாவித்தது பின்னர் வெளியாகி, 2009இல் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக மாறியது. அவர் கேகாலை மாவட்டத்தில் வரக்காப்பொலைப் பக்கத்து ஏழைக் கிராமத்துப் பிள்ளை.

இதைச் சொன்னால் நமது தாய்மார் ஒன்று கேட்பார்கள்: "ஓடினா சோறு கெடைக்குமாங்கையா?" நியாயமான கேள்விதான். அதே சுசந்திகா 2017இல் பதக்கத்தை விற்கப் போவதாக அறிவிக்க வேண்டி வந்தது. ஆகையால் ஓடினால் பணம் கொட்டும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. ஆனால் பதினாறு வயசிலே கொழும்பு வீட்டு வேலைக்கு அனுப்பிய பிள்ளைக்குச் சோறு மட்டும்தான் கிடைக்கிறது. அதையும் பார்க்க வேண்டாமா?

2023இல் சீனாவின் ஹாங்சோ ஆசிய விழாவில் 800 மீற்றரில் தங்கம் வென்ற தருஷி கருணாரத்னவைப் பாருங்கள். கண்டி மாவட்டத்து வளல ரத்நாயக்க மத்திய கல்லூரியில் பயிற்சி எடுத்த பிள்ளை. நமது மலைநாட்டுக் காற்றுதான், அரசாங்கப் பாடசாலைதான். பராலிம்பிக் என்றால் தினேஷ் பிரியந்த. யுத்தத்தில் கை காயப்பட்ட இராணுவ வீரர். 2021இல் டோக்கியோவில் ஈட்டியை 67.79 மீற்றர் எறிந்து, பராலிம்பிக்கில் நாட்டின் முதல் தங்கத்தை எடுத்தார்.

இப்போது நமது வீட்டுக் கதைக்கு வருவோம். பாடசாலை விளையாட்டிலே வயதுப் பிரிவு உண்டு. வலயம், மாகாணம், பிறகு அகில இலங்கை என்று ஏறிப் போகப் போக, வயதுக்குச் சான்றாகப் பிறப்புப் பத்திரம் கேட்பார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு தோட்டத்திலே 1500 மீற்றரில் வலயத்தில் முதலாவதாக வந்த ஒரு பெண் பிள்ளை மாகாணப் போட்டிக்குப் போகவில்லை. பத்திரத்திலே ஒரு பேர், பாடசாலை இடாப்பிலே வேறொரு பேர். திருத்தி முடிப்பதற்குள் போட்டி முடிந்துவிட்டது. அடுத்த வருஷம் அந்தப் பிள்ளை வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றது. 1948இல் சட்டம் தடுத்தது. இதைத் தடுத்தது ஒரு எழுத்துப் பிழை.

ஆகவே இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் பெட்டியைத் திறந்து பத்திரங்களை எடுத்துப் பாருங்கள். பிள்ளையின் பேர், தகப்பன் பேர், பிறந்த திகதி மூன்றும் பாடசாலை இடாப்போடு ஒத்து வருகிறதா? பதிவே செய்யாத பிள்ளைக்குப் பிரதேச செயலகத்தில் காலங்கடந்த பதிவு செய்யலாம். 15 வயசானால் அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போட வேண்டும். படிக்கிற பிள்ளைக்கு அதிபர் ஒப்பமிடுவார். படிப்பை விட்ட பிள்ளைக்குத் தோட்டத் துரையிடம் ஒப்பம் வாங்கலாம். கொழும்பில் வேலை செய்கிற தம்பி தங்கைமார், ஊருக்கு லீவில் போகும்போது இந்த வேலையைச் செய்யுங்கள். பேர் மாறிக் கிடக்கிற பத்திரம் யாரிடமாவது இருந்தால் கூட்டம் முடிந்ததும் முன்னால் வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.