தோற்றவருக்கும் தனிப் பக்கம் உண்டா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



ராயபுரத்தில் ஒரு டீக்கடையில் நம் கல்லூரித் தம்பி ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஏனுங்க ஐயா, விக்கிப்பீடியாவுல எம்.எல்.ஏ. ஆனவங்களுக்குத் தனிக் கட்டுரை இருக்குது. எலெக்ஷன்ல நின்னு தோத்தேங்கறது மட்டும் போதாதுங்கறாங்க. இது நியாயமுங்களா?" அன்று சரியாகப் பதில் சொல்லவில்லை. இன்று சொல்லிப் பார்க்கிறேன்.

கலைக்களஞ்சியம் நமக்குப் புதிதல்ல. திருப்பூரில் பிறந்த அவினாசிலிங்கம் செட்டியார் அவர்கள் 1946-இல் தமிழ் வளர்ச்சிக் கழகத்தைத் தொடங்கினார்கள். அதன் கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. முதன்மை ஆசிரியர் பெரியசாமித் தூரன், மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசுக்காரர்.

அந்த மொடக்குறிச்சியில்தான் 1996 சட்டமன்றத் தேர்தலில் 1,033 பேர் நின்றார்கள்! தங்கள் குறைகளை அரசு கவனிக்க வேண்டுமென்று விவசாயிகள் கூட்டமாக மனுத் தாக்கல் செய்தார்கள். வாக்குச் சீட்டே ஒரு புத்தகமாகிப் போனது. தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். பலர் ஒரு ஓட்டுக்கூட வாங்கவில்லை. அதாவது, தங்கள் ஓட்டையே தங்களுக்குப் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் ஜெயிக்க வந்தவர்கள் அல்லவே! ஆனாலும் அந்த ஆண்டே நாடு முழுவதும் சட்டமன்றத் தேர்தல் டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது.

இந்த 1,032 பேருக்கும் தனித்தனிக் கட்டுரை வேண்டுமா? வேண்டாம் என்பதே என் கருத்து. பெயர், வாங்கிய ஓட்டு என்று இரண்டு வரிக்கு மேல் என்ன எழுதுவோம்? ஆனால் அந்தத் தேர்தலுக்கு ஒரு நல்ல கட்டுரை கட்டாயம் வேண்டும். சரித்திரம் படைத்தது தனி மனிதர் அல்ல, கூட்டம்.

அதற்காகத் தோல்வியே தகுதிக் குறைவு என்று சொல்லிவிட முடியுமா? அண்ணா 1962-இல் காஞ்சிபுரத்தில் தோற்றார். காமராஜர் 1967-இல் விருதுநகரில், மாணவர் தலைவராயிருந்த பெ. சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். மொடக்குறிச்சியில் ஆயிரம் பேரை வென்ற அதே சுப்புலட்சுமி ஜெகதீசன், 2021-இல் அதே தொகுதியில் 281 ஓட்டில் தோற்றார். இவர்கள் பக்கத்தை யாராவது கிழிப்போமா? மேட்டூர் பத்மராஜன் 1988 முதல் இருநூறு தடவைக்கு மேல் நின்று தோற்றவர். தோல்வியாலேயே பேர் வாங்கியவர். அவரைப் பற்றி ஊரெல்லாம் எழுதியிருக்கிறார்கள். ஆக, அளவுகோல் ஜெயித்தாரா தோற்றாரா என்பதல்ல. அவருக்கு வேண்டியவர் அல்லாத பிறர், நம்பும்படி, விரிவாக எழுதி வைத்திருக்கிறார்களா என்பதே. அந்தக் காவல் இல்லாவிட்டால் கலைக்களஞ்சியம் தேர்தல் நோட்டீஸ் ஆகிவிடும்.

நம்ம தொழிலையே பாருங்கள். பையர் தள்ளிய பீஸைக் குப்பையில் போடுவதில்லை. செகண்ட்ஸ் என்று காதர்பேட்டையில் விலை பேசுகிறோம். ஆனால் அதில் முதல் தரம் என்று லேபிள் ஒட்டுவதுமில்லை. ஒவ்வொன்றுக்கும் அதனதன் இடம் உண்டு.

இருந்தாலும் தம்பியின் கேள்வியில் ஒரு முள் இருக்கிறது. காசில்லாத வேட்பாளரைப் பத்திரிகை எழுதாது. எழுதாததால் ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லாததால் பக்கம் இல்லை. சைக்கிளில் ஓட்டுக் கேட்டுப் போன ஒரு பனியன் தொழிலாளியின் பெயர் இப்படித்தான் காணாமல் போகிறது. இது கலைக்களஞ்சியத்தின் குற்றமல்ல. எழுதி வைக்காத நம் குற்றம்.

ஆகவே மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் நின்று தோற்றவர் யாராவது இருந்தால் போய்ப் பாருங்கள். பழைய நோட்டீஸைக் கேட்டு வாங்குங்கள். ஏன் நின்றீர்கள் என்று கேட்டு, தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். விசாரித்துச் சரிபார்த்த பிறகு ஊர் வரலாறாக அச்சில் கொண்டு வாருங்கள். செலவைப் பழைய மாணவர்கள் நாங்கள் பார்த்துக்கொள்வோம். கலைக்களஞ்சியம் எழுதுகிறவர் நாளைக்குத் தேடி வரும்போது, எடுத்துக் கொடுக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டாமா?