திரையில் தெரியாத வள்ளம்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



“கடலே இல்லாத தென்காசியில் வந்து கப்பலைப் பற்றிப் பேசப் போறியாக்கும்!” என்று நேற்று ராத்திரி ஒரு நண்பன் கேலி செய்தான். நியாயமான கேலிதான். அதனால் அருவியிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மெயினருவியில் தண்ணீர் கூடினால் என்ன நடக்கும்? காவலர் விசில் அடிப்பார். வளைவைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை. அங்கே நாம் நம்பியிருந்த கருவி ஒரு மனிதரின் கண்ணும் ஒரு விசிலும்தான். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து, பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போனது நமக்கெல்லாம் தெரியும். மழை பெய்தது மேலே, மலையில். குளித்துக்கொண்டிருந்தவர்கள் கீழே. மேலே நடப்பது கீழே நிற்பவனுக்கு எப்போது போய்ச் சேருகிறது? கடலில் என் பிழைப்பும் இதே கேள்விதான்.

நான் ஒரு துறைமுகத்தில், கப்பல் போக்குவரத்துக் கண்காணிப்பு நிலையத்தின் ராடார், ரேடியோ சாதனங்களைப் பார்த்துக்கொள்ளும் என்ஜினியர். விமானத்துக்கு ஒரு கட்டுப்பாட்டுக் கோபுரம் இருப்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வித்தியாசம்: எங்கள் வார்த்தை பெரும்பாலும் தகவலும் யோசனையும்தான், கப்பலுக்குப் பொறுப்பு கடைசிவரை கேப்டனுடையது. 1948-லேயே இங்கிலாந்தின் லிவர்பூல் துறைமுகத்தில் கரையில் ராடார் வைத்து, பனிமூட்டத்தில் கப்பல்களுக்கு ரேடியோவில் வழி சொன்னார்கள். அன்றைக்கு இருந்த ராடாரும் ரேடியோவும் இன்றும் இருக்கின்றன. புதிதாக வந்தது ஏ.ஐ.எஸ். என்ற தானியங்கி அடையாளக் கருவி. கப்பல் தன் பெயர், இடம், வேகம், திசை எல்லாவற்றையும் தானே வி.எச்.எஃப். அலைவரிசையில் சொல்லிக்கொண்டே போகும். ஓடும்போது சில விநாடிக்கு ஒரு தடவை, நங்கூரம் போட்டிருந்தால் மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஒரு நிமிஷத்தை 2,250 துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் யார் பேசுவது என்பதைக் கப்பல்களே தமக்குள் முடிவு செய்துகொள்ளும். டோக்கன் கொடுக்க ஆளில்லாத வரிசை! சீசனில் ஐந்தருவியில் நிற்கும் நம் வரிசையை நினைத்தால் பொறாமையாக இருக்கிறது.

சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களில் இந்தக் கருவி 2004 முடிவிலேயே கட்டாயமாகிவிட்டது. அப்புறம் 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதல். வந்தவர்கள் ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அதன் பிறகு நம் கடற்கரை நெடுகிலும் கலங்கரை விளக்கங்களிலும் கோபுரங்களிலும் ராடார், கேமரா எல்லாம் ஏறின.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? 2017 ஜனவரி 28, அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே, எரிவாயுவை இறக்கிவிட்டுப் புறப்பட்ட ‘பி.டபிள்யூ. மேப்பிள்’ என்ற கப்பலும், எண்ணெய் ஏற்றி உள்ளே வந்த ‘டான் காஞ்சிபுரம்’ கப்பலும் மோதிக்கொண்டன. இரண்டும் பெரிய கப்பல்கள். பார்க்கக் கருவி இல்லாத காலமுமில்லை. ஆனாலும் மோதின. கறுப்பு எண்ணெயை மீனவர்களும் மாணவர்களும் வாளி வாளியாக அள்ளியதை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். திரையில் புள்ளி தெரிவது ஒன்று. அந்தப் புள்ளிக்குள் இருக்கும் ஆளுக்கு நேரத்தில் சொல்லி, அவர் காதில் அது ஏறுவது வேறொன்று என்பதை என் தொழிலில் உள்ளவர்கள் அன்றைக்கு இன்னொரு தடவை படித்தோம்.

புள்ளியே தெரியாதவர்கள் கதை இன்னும் மோசம். இதில் என் தப்பு ஒன்று உண்டு. சொல்லிவிடுகிறேன்.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், ஆனி மாதம். கச்சான் காற்று வீசி கடல் குமுறிக்கொண்டிருந்தது. ராடார் திரை முழுக்க அலையின் எதிரொலி, கோலமாவைக் கொட்டியது போல. நான் வடிகட்டியை நன்றாகத் திருகி வைத்தேன். திரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. விடியற்காலையில் ஒரு சரக்குக் கப்பல் உள்ளே வர வேண்டும். அதை எதிர்கொள்ளப் போன பைலட் படகுக்காரர்கள் பார்த்தால், கப்பல் வரும் வாய்க்காலின் நடுவில் ஒரு பைபர் வள்ளம். இரண்டு பேர் இன்ஜினை அணைத்துவிட்டு வலை இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். கத்தி, விளக்கடித்து, எப்படியோ விலக்கிவிட்டார்கள். என் திரையில் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பைபரும் மரமும் ராடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்பாது. வருகிற கொஞ்சத்தையும் நான் வடிகட்டிவிட்டேன்.

ஷிப்டில் இருந்த ஆபரேட்டர் அண்ணாச்சி கடற்கரை ஊர்க்காரர். கோபப்படவில்லை. “தம்பி, அலையைத் தொடைக்கேன்னு ஆளையும் சேத்துல்லா தொடைச்சிட்டீய” என்றார். அன்றிலிருந்து சுத்தமான திரையைக் கண்டால் எனக்குப் பயம்.

அதே 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல். நம் பக்கம் பாபநாசம், மணிமுத்தாறில் கொட்டித் தீர்த்தது ஞாபகம் இருக்கும். குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பல நாளைக்கு முன்பே கிளம்பிப் போனவர்கள். செல்போன் கரையிலிருந்து கொஞ்ச தூரம்தான் எடுக்கும், சாதாரண வி.எச்.எஃப். சில பத்து கிலோமீட்டர். கரையில் எச்சரிக்கை இருந்தும், நடுக்கடலில் இருந்தவனுக்கு அதைக் கொண்டுபோக வழியில்லை. எத்தனை குடும்பங்கள், படகு எங்கே என்றுகூடத் தெரியாமல் கரையில் காத்துக்கிடந்தன!

இப்போது இஸ்ரோ உருவாக்கிய கருவி படகுகளில் ஏறுகிறது. செயற்கைக்கோள் வழியாக இருபக்கமும் செய்தி போகும். படகிலிருந்து ஆபத்துச் செய்தி அனுப்பலாம். கரையிலிருந்து புயல் எச்சரிக்கை படகுக்கு வரும். ஒரு லட்சம் படகுகளுக்கு 364 கோடி ரூபாய்த் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிராவின் பால்கரில் தொடங்கப்பட்டது. நல்ல காரியம். ஆனால் ஒன்று கவனியுங்கள்: கண்காணிப்புக்கு மட்டும் என்று நினைத்தால் மீனவர் ஸ்விட்சை அணைத்துவிடுவார். அவருக்கு உதவுகிறது என்று தெரிந்தால்தான் போட்டு வைப்பார். என் அபிப்பிராயத்தில், அந்தக் கருவியின் பாதி வெற்றி அது தமிழில் என்ன சொல்கிறது, எவ்வளவு சீக்கிரம் சொல்கிறது என்பதில் இருக்கிறது. அண்ணாச்சியைப் போல, வள்ளத்துக்காரனிடம் அவன் பேச்சிலேயே ரேடியோவில் பேசத் தெரிந்த ஆபரேட்டர்களும் வேண்டும்.

இறுதியாண்டு மாணவர்களுக்கு ஒரு கணக்கு. வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய பார்வை எட்டும் தூரம்தான் போகும். ஆன்டெனா உயரத்தின் வர்க்கமூலத்தை 4.1-ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். குற்றால மலையில் 600 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் 100. கப்பலின் ஆன்டெனா 25 மீட்டர் என்றால் இன்னும் 20. தூத்துக்குடிக்கு நேர்கோட்டில் நூறு கிலோமீட்டருக்குள்தான். ஆக, கடலே இல்லாத நம் ஊரிலிருந்தே அங்கே நிற்கும் கப்பல்களின் பேச்சு கேட்கக்கூடும்! ஒரு சின்ன ரிசீவர் கொண்டுவந்து லேபில் கொடுத்திருக்கிறேன். வனத்துறை அனுமதியும் மற்ற அனுமதிகளும் துறைத் தலைவர் சார்தான் வாங்கித் தர வேண்டும். கப்பல்கள் அதில் வரும். அந்த இரண்டு பேரின் வள்ளம் வராது. அதைத் திரையில் கொண்டுவர, ஒரு வலையின் விலைக்குள் முடிகிற மாதிரி, உங்களில் யாராவது ஏதாவது செய்துவிட்டால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். லீவு போட்டுவிட்டு வருகிறேன்.