தோற்றாளா, திணறுகிறாளா?

(வாஷி மாலை வகுப்பில் தொண்டர் ஒருவர் பேசியது)



போன மாதம் ஒரு நாள் நம் வகுப்புக்கு ஓர் அக்கா சீக்கிரமே வந்துவிட்டார். அவர் வாஷி மார்க்கெட்டில் வெங்காயம் தரம் பிரிக்கும் வேலை செய்கிறார். கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது. அது மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதம். ஆங்கிலத்தில் இருந்தது.

"தம்பி, எம் பிள்ள தோத்துட்டாளா?" என்று கேட்டார். கண்கள் சிவந்திருந்தன.

முதல் நாள் பக்கத்து வீட்டுப் பையனிடம் அந்தக் கடிதத்தைக் காட்டியிருக்கிறார். அவன் ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தான். "இதுக்கு தோத்துப் போச்சுன்னு அர்த்தம்" என்றான். சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான். அக்கா இரவு முழுவதும் தூங்கவில்லை.

"படிப்பு ஏறலைன்னா என்ன செய்ய? நாளையிலேருந்து என்கூட வேலைக்கு வரட்டும்" என்றார். மகளுக்கு வயது 13.

நான் கடிதத்தை வாங்கிப் படித்தேன். பையன் விரல் வைத்த சொல் 'ஓவர்வெல்ம்'. கடிதத்தின் சாரம் இதுதான்: உங்கள் மகள் புதிய பாடங்களின் பாரத்தால் திணறுகிறாள். ஒரு நாள் நேரில் வாருங்கள். பேசலாம்.

தோற்றாள் என்று அதில் எங்குமே இல்லை.

பார்த்தீர்களா? ஒரே ஒரு சொல். அதைத் தப்பாகச் சொன்னதால் ஒரு பிள்ளையின் படிப்பே நின்றுபோக இருந்தது. அதனால்தான் இன்று மூன்று ஆங்கிலச் சொற்களைப் பற்றிப் பேசப் போகிறேன். டிஃபீட், ஓவர்வெல்ம், ஓவர்கம். மூன்றும் டி.வி.யில் வருகின்றன. செல்போனில் வருகின்றன. பிள்ளைகளின் பள்ளிக் கடிதத்திலும் வருகின்றன. கேட்பதற்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் மூன்றும் வேறு வேறு.

முதல் சொல் டிஃபீட். இதற்குத் தமிழில் தோல்வி, தோற்கடித்தல் என்று பொருள். செய்து வைத்ததைக் குலைத்துப் போடுவது என்பதுதான் இதன் பழைய பொருள். இந்தச் சொல் வந்தால் அங்கே இரண்டு பக்கம் இருக்கும். ஒரு பக்கம் ஜெயிக்கும். மறு பக்கம் தோற்கும்.

2025 நவம்பர் 2 அன்று நம் பக்கத்து நேருலில், டி.ஒய். பாட்டீல் மைதானத்தில், பெண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டம் நடந்தது. இந்தியப் பெண்கள் தென் ஆப்பிரிக்காவை 52 ரன்களில் வென்றார்கள். வாஷியில் நள்ளிரவில் பட்டாசு வெடித்தது. இந்தியா தென் ஆப்பிரிக்காவை 'டிஃபீட்' செய்தது என்று ஆங்கிலத்தில் சொல்லலாம். ஆட்டம் முடிந்தது. கணக்கும் முடிந்தது. அங்கே இந்தச் சொல் சரி.

நானும் பத்தாம் வகுப்பில் முதல் முறை கணக்கில் தேறவில்லை. 35 மதிப்பெண் வேண்டும். எனக்கு அது வரவில்லை. அடுத்த முறை எழுதித் தேறினேன். அந்த முதல் தேர்வில் நான் தோற்றது உண்மை. அதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. அது ஒரு தேர்வின் கணக்கு. அவ்வளவுதான்.

இரண்டாவது சொல் ஓவர்வெல்ம். பல நூறு ஆண்டுகளுக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'வெல்ம்' என்றால் கவிழ்ப்பது என்று பொருள். படகு கவிழ்கிறது. தண்ணீர் மேலே மூடிக்கொள்கிறது. அந்த நிலைதான் ஓவர்வெல்ம்.

நம் தமிழிலும் இப்படிச் சொற்கள் உண்டு. கடனில் மூழ்கிவிட்டான் என்கிறோம். வேலை தலைக்கு மேல் கிடக்கிறது என்கிறோம். திணறுகிறான், திக்குமுக்காடுகிறான் என்கிறோம். சந்தோஷத்திலும் மனிதர் திக்குமுக்காடுவார். அதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்.

2005 ஜூலை 26-ஐ பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டர் மழை கொட்டியது. சாக்கடையும் கால்வாயும் அவ்வளவு தண்ணீரைத் தாங்கவில்லை. ஊருக்குள் வெள்ளம் வந்தது. கால்வாய் தோற்றுவிட்டது என்று நாம் சொன்னோமா? தாங்க முடியாத தண்ணீர் வந்தது என்றுதான் சொன்னோம். ஓவர்வெல்ம் என்றால் அதுதான். வந்த பாரம் பெரிது. தாங்கும் சக்தி அந்த நேரத்தில் போதவில்லை.

தோற்றவரிடம் ஆட்டம் முடிந்தது என்கிறோம். திணறுகிறவரிடம் அப்படிச் சொல்லலாமா? அவருக்குக் கை கொடுக்க வேண்டும். பாரத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்க வேண்டும்.

மூன்றாவது சொல் ஓவர்கம். 'ஓவர்' என்றால் மேலே. 'கம்' என்றால் வா. ஒரு துன்பத்துக்கு மேலே ஏறிக் கடந்து வருவதுதான் ஓவர்கம்.

இதற்கு நம் வாஷியிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வாஷிக்கும் மும்பைக்கும் நடுவே தாணே கழிமுகம் கிடக்கிறது. 1973-இல் அதன் மேல் சாலைப் பாலம் திறந்தார்கள். 1992-இல் ரயிலும் அந்தத் தண்ணீரைத் தாண்டி வாஷிக்கு வந்தது. கழிமுகத்தை யாராவது தோற்கடித்தார்களா? இல்லை. தண்ணீர் இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஏற்றமும் இறக்கமும் தினமும் நடக்கின்றன. ஆனால் நாம் தினமும் அதன் மேலே போய் வருகிறோம்.

இப்போது தாராவிக்கு வருவோம். இங்கே இருக்கும் பலருக்குத் தாராவியில் சொந்தக்காரர்கள் உண்டு. நானும் அங்கே பிறந்தவன்தான். 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளியைக் கண்டுபிடித்தார்கள். அன்றே அவர் இறந்து போனார். தாராவி சுமார் இரண்டரை சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் லட்சக்கணக்கான மக்கள். ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். பெரும்பாலோருக்குப் பொதுக் கழிப்பறைதான். விலகி இருங்கள் என்றால் எங்கே விலகுவது? தாராவி மூழ்கிவிடும் என்று எல்லோரும் பயந்தார்கள். ஆஸ்பத்திரிகள் 'ஓவர்வெல்ம்' ஆகிவிட்டன என்று ஆங்கிலச் செய்தியில் தினமும் சொன்னார்கள்.

ஆனால் தாராவி மக்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. மாநகராட்சி ஊழியர்களும் அங்கே கிளினிக் வைத்திருந்த டாக்டர்களும் வீடு வீடாகப் போனார்கள். காய்ச்சல் பார்த்தார்கள். மூச்சுக்காற்று அளவு பார்த்தார்கள். நோய் இருந்தவர்களைப் பள்ளிக்கூடங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் தனியாகத் தங்க வைத்தார்கள். கழிப்பறைகளை ஒரு நாளில் பல முறை மருந்து போட்டுக் கழுவினார்கள். வேலை இல்லாத வீடுகளுக்குச் சமைத்த சாப்பாடு போனது. 2020 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் தலைவர் டெட்ரோஸ் தாராவியின் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். 2020 டிசம்பர் 25 அன்று தாராவியில் புதிய நோயாளி ஒருவர்கூட இல்லை.

கொரோனாவைத் தாராவி தோற்கடித்தது என்று அப்போது பலர் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் 2021 ஏப்ரலில் நோய் மறுபடியும் ஏறியது. மறுபடியும் வீடு வீடாகப் போனார்கள். மறுபடியும் அது இறங்கியது. அந்த நாட்களில் உயிர்கள் போயின. பலருக்கு வேலை போனது. பலர் ஊருக்குப் போய்விட்டார்கள். அந்த வீடுகளில் போய், நாம் ஜெயித்துவிட்டோம் என்று சொல்ல முடியுமா? எனக்கு வாய் வராது. கடந்து வந்தோம் என்று சொல்லலாம். இழந்ததையும் நினைத்துக்கொண்டே அதைச் சொல்லலாம். ஓவர்கம் அப்படிப்பட்ட சொல்.

மறுபடியும் அந்த அக்காவிடம் வருவோம். கடிதத்தை அவருக்குத் தமிழில் சொன்னேன். "அப்ப தோக்கலையா?" என்று மூன்று முறை கேட்டார். மறுநாள் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போனார். பிள்ளை ஏழாம் வகுப்பு வரை தமிழில் படித்தவள். இப்போது எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில். கணக்கு அவளுக்குத் தெரியும். கணக்கின் கேள்விதான் புரியவில்லை. டீச்சர் வாரம் இரண்டு நாள் பள்ளி விட்டதும் உட்கார வைத்துச் சொல்லித் தருகிறார். வீட்டில் அம்மாவும் மகளும் ஒரே விளக்கில் ஆளுக்கொரு நோட்டை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள்.

பிள்ளை எல்லாவற்றிலும் நல்ல மதிப்பெண் வாங்குகிறாள் என்று நான் சொல்லவில்லை. இன்னும் அறிவியலில் திணறுகிறாள். ஆனால் பள்ளிக்கூடம் போகிறாள். வெங்காயக் கூடைப் பக்கம் போகவில்லை.

அக்காமார்களே, அண்ணன்மார்களே, ஒன்றை நினைவில் வையுங்கள். ஆங்கிலத்தில் ஒரு காகிதம் வந்தால் பயப்படாதீர்கள். ஒருவர் சொன்னதோடு விட்டுவிடாதீர்கள். இன்னொருவரிடமும் கேளுங்கள். வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். முழுக் கடிதத்தையும் கேட்ட பிறகு முடிவு எடுங்கள்.

நாளைக்கு வரும்போது எல்லோரும் நோட்டில் மூன்று வரி எழுதி வாருங்கள். நான் தோற்ற ஒன்று. நான் இப்போது திணறுகிற ஒன்று. நான் கடந்து வந்த ஒன்று. எழுத்துப் பிழை இருந்தால் பரவாயில்லை. முதல் வரியில் எழுத வேண்டியதையும் இரண்டாம் வரியில் எழுத வேண்டியதையும் மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.