கச்சானும் கண்டி வைத்தியமும்



மகாவலி வளைந்தோடும் இப்பேராதனையில் இரசாயன விஞ்ஞானிகளையும் வைத்தியர்களையும் பயிராராய்ச்சியாளர்களையும் ஒரே பந்தியில் அமர்த்தி, ஒவ்வாமை என்னும் பொருளைப் பற்றித் தமிழிலே உரையாடச் செய்யவேண்டுமென்று அமைப்பாளர்கள் கொண்ட எண்ணம் பாராட்டுக்குரியது. தலைமையுரை என்பது, பின்னர் பேசவிருக்கும் அறிஞர்களின் நேரத்தை அவர்கள் சம்மதமின்றியே கவர்ந்துகொள்வதற்கு நம் சம்பிரதாயம் வழங்கியிருக்கும் ஓர் அனுமதி. அந்த அனுமதியை அளவோடு பிரயோகிக்க முயல்கிறேன்.

மாநாட்டின் பிரதான விஷயமாகக் கச்சானின் ஒவ்வாமைப் புரதங்களை எடுத்துக்கொண்டது ஏன் என்று சிலர் கேட்கக்கூடும். அது நியாயமான கேள்வியே. கண்டிப் புகையிரத நிலையத்தடியிலும் பேருந்துத் தரிப்பிடத்திலும் வறுத்த கச்சானைக் கடதாசிச் சுருளில் வாங்கிக் கொறித்துக்கொண்டு போகாத மனிதர் குறைவு. பெரஹராக் காலத்திலோ வீதியோரமெங்கும் அதுவே வியாபாரம். இருந்தும், நம் வைத்தியசாலைகளின் அவசரப் பிரிவுக்கு மூச்சடைத்து வருவோர் பெரும்பாலும் வேறு காரணம் சொல்கிறார்கள்: இறால், நண்டு, ஏற்றப்பட்ட மருந்து, தேயிலைக் கொழுந்து பறிக்கையில் கலைந்த குளவிக்கூடு. கச்சான் நமது தலையாய துன்பமன்று என்பதை ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். ஆனாலும், உணவால் விளையும் ஒவ்வாமைகளுள் மூலக்கூறு மட்டத்தில் மிக நுணுக்கமாக ஆராயப்பட்டது கச்சானே. அங்கே கிடைத்த ஞானத்தைக் கொண்டு நம் ஊர்த் துன்பங்களைப் பரிசோதிக்கும் வழி யாது என்பதே இம்மாநாடு விசாரிக்கவேண்டிய கேள்வி என்பது என் அபிப்பிராயம்.

சரித்திரத்தைச் சுருங்கக் கூறுகிறேன். 1902ஆம் ஆண்டில் சார்ல்ஸ் ரிஷே, போல் போர்த்தியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர், கடற்சாமந்தியின் நஞ்சை நாய்களுக்குச் சிற்றளவில் ஏற்றி எதிர்ப்புச் சக்தியை வளர்க்க முயன்றபோது, சில வாரங்களின் பின் இரண்டாம் முறை ஏற்றிய அற்ப அளவே அவற்றை நிமிடக் கணக்கில் மாய்த்தது. காக்கவேண்டிய சக்தியே கொல்லவும் வல்லது என்னும் விபரீதம் அன்று தெரியவந்தது. 1921இல் பிரவுஸ்னிற்ஸ் என்பவர், மீனுணவு ஒவ்வாத தம் சகா கியூஸ்ற்னரின் குருதிநீரைத் தம் தோலிலே ஏற்றி, மறுநாள் அதே இடத்தில் மீன்சாற்றை ஏற்றியபோது அங்கே தடிப்பெழுந்ததைக் கண்டு, காரணம் குருதியில் உள்ளதென்று நிரூபித்தார். அந்தக் காரணப் பொருளைக் கண்டுகொள்ள மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவில் இஷிஸாகா தம்பதியரும், சுவீடனில் யோஹான்சனும் பென்னிக்கும் 1966, 1967 ஆகிய ஆண்டுகளில் தனித்தனியே இனங்கண்ட அந்தப் பிறபொருளெதிரிக்கு இம்யூனோகுளோபுலின்-ஈ என்னும் நாமம் 1968இல் நிலைபெற்றது. குருதியில் மிகச் சொற்பமாகவே உள்ள இது, தோலிலும் சுவாசக் குழாயிலும் குடலிலும் உறையும் மாஸ்ற் கலங்களின் மேற்பரப்பில் பற்றிக்கொண்டு காத்திருக்கிறது. ஒரே புரத மூலக்கூறு அடுத்தடுத்த இரண்டு பிறபொருளெதிரிகளை ஒருசேரப் பிணைத்த கணத்திலே கலம் தன்னுள் அடக்கிவைத்திருந்த ஹிஸ்ரமினையும் பிற இரசாயனங்களையும் கொட்டிவிடுகிறது. தடிப்பும் வீக்கமும் இளைப்பும் குருதியமுக்க வீழ்ச்சியும் இதன் விளைவுகளே.

இனிக் கச்சான் விதைக்கு வருவோம். அதன் நிறையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு புரதம். அப்புரதத்தின் பெரும்பகுதியும், முளைக்கும் நாளில் வேர்விட்டு நிலைகொள்ளும் வரைக்கும் உண்பதற்கென்று தாய்ச்செடி தன் குஞ்சுக்குக் கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு. அராக்கிஸ் ஹைபோஜியா என்னும் தாவரவியற் பெயரை ஒட்டி, இதன் ஒவ்வாமைப் புரதங்கள் அரா எச் 1, அரா எச் 2 என்று கண்டறிந்த வரிசைப்படி எண்ணிடப்பட்டு வருகின்றன. அரா எச் 1 விசிலின் குலத்தது; மூன்று மூன்றாகக் கூடித் திரளும் இயல்பினது. அரா எச் 3 லெகுமின் குலத்தது. ஆறு ஆறாகத் திரள்வது. அளவினால் விதையை ஆள்பவை இவ்விரண்டுமே. ஆயினும் ஒவ்வாமையின் கொடுமையை நிர்ணயிப்பவை, அளவிற் சிறிய அரா எச் 2, அரா எச் 6 என்னும் உடன்பிறப்புக்கள் இரண்டுமே என்பது பல ஆய்வுகளின் ஒருமித்த முடிபு. காரணம் அவற்றின் கட்டுக்கோப்பு. கந்தக அணுக்களிடையே அமைந்த இறுக்கமான பிணைப்புக்கள் அந்தச் சிறு மூலக்கூறைப் பலவிடத்தும் தைத்து வைத்திருப்பதால், இரைப்பையின் பெப்சினும் குடலின் திரிப்சினும் வெட்ட முயன்றும் முற்றாக வெட்ட இயலாமல், பிறபொருளெதிரியை ஈர்க்கவல்ல ஒரு பெருந்துண்டு சீரணத்துக்குத் தப்பிக் குடற்சுவரை அடைந்துவிடுகிறது. மாறாக, அரா எச் 8 என்பது சீரண நொதியங்களால் எளிதில் சிதைந்துபோகும். ஐரோப்பாவின் பேர்ச் மர மகரந்தத்தோடு உறவுடையதாதலால் அம்மகரந்தம் ஒவ்வாதவர்க்கு வாயில் ஓர் அரிப்பை உண்டாக்கிவிட்டு, பெரும்பாலும் அவ்வளவில் அடங்கிவிடும். ஆகவே ‘கச்சான் ஒவ்வாது’ என்று பொதுவாக எழுதி விடுவது போதாது. எந்தப் புரதம் ஒவ்வாது என்று அறிந்தாலன்றி, ஆபத்துடையவரையும் அசௌகரியம் மட்டுமே உடையவரையும் பிரித்தறிய இயலாது.

சமையலறை விஷயத்தில் சற்றுத் தாமதிக்க விரும்புகிறேன். இங்கே நமக்கு உரிமையான கேள்வி ஒன்று கிடக்கிறது. வறுக்கும் சூட்டிலே விதையிலுள்ள வெல்லமும் புரதமும் வினைப்பட்டு, நமக்கு நாவூறச்செய்யும் மணத்தையும் நிறத்தையும் தருகின்றன. அதே வினை ஒவ்வாமைப் புரதங்களின் உருவத்தை மாற்றி, பிறபொருளெதிரியோடு அவை பிணையும் வலிமையைக் கூட்டுகிறதென்று அமெரிக்க ஆய்வாளர் 2000ஆம் ஆண்டளவில் காட்டினர். அவித்தால் நிகழ்வது வேறு: சிறு புரதங்களில் ஒரு பகுதி அவித்த நீரிலே கரைந்து வெளியேறிவிடுகிறது. அமெரிக்கரளவுக்கே கச்சான் உண்ணும் சீனரிடத்தில் இவ்வொவ்வாமை குறைவாயிருப்பதற்கு, அவர்கள் அவித்தும் பொரித்தும் உண்பது ஒரு காரணமாகலாம் என்று 2001இல் ஒரு கருத்து எழுந்தது. அண்மையில் அவுஸ்திரேலியாவில், ஒவ்வாமையுள்ள பிள்ளைகள் எழுபது பேருக்கு முதலில் பன்னிரண்டு மணித்தியாலம் அவித்த கச்சானையும், பின்னர் இரண்டு மணித்தியாலம் அவித்ததையும், இறுதியில் வறுத்ததையும் படிப்படியாகக் கொடுத்துப் பழக்கியதில், ஐம்பத்தாறு பேர் குறித்த அளவை எட்டினர். அவித்த கச்சானும் கச்சான் சுண்டலும் நமக்குப் புதியனவல்லவே! திஸ்ஸ, இண்டி, வலவ என்று நம் விவசாயத் திணைக்களம் சிபார்சு செய்த இனங்களிலே அரா எச் 2 எவ்வளவு, நம் வீட்டு முறைப்படி அவித்தபின் எஞ்சுவது எவ்வளவு என்று அளந்தறிதல், கன்னொறுவையின் வித்துக் களஞ்சியத்துக்கும் இப்பல்கலைக்கழக ஆய்வுகூடத்துக்கும் இடையேயுள்ள சொற்ப தூரத்திலேயே முடிக்கக்கூடிய காரியம். இதைக் கேட்டு எவரும் வீட்டிலே குழந்தைக்கு அவித்த கச்சானால் வைத்தியம் பார்க்கத் துணியவேண்டாம்; அந்த அவுஸ்திரேலியப் பரிசோதனையிலும் பாதிக்கு மேற்பட்டோர்க்குச் சிகிச்சையாலேயே உபாதைகள் நேர்ந்தன.

ஒவ்வாமை எவ்வாறு தொடங்குகிறது என்பதில்தான் விஞ்ஞானம் தன் வாக்கைத் தானே மீட்டுக்கொள்ள நேர்ந்தது. ஆபத்துள்ள குழந்தைகளுக்கு மூன்று வயது வரை கச்சானைக் காட்டலாகாது என்று இங்கிலாந்தில் 1998இலும் அமெரிக்காவில் 2000இலும் உபதேசிக்கப்பட்டது; அமெரிக்கா 2008இலும் இங்கிலாந்து 2009இலும் அவ்வுபதேசத்தைக் கைவிட்டன. 2003இல் கிடியோன் லாக் என்பவரும் சகாக்களும், கசியும் கரப்பானுள்ள தோலிலே கச்சான் எண்ணெய் கலந்த பூச்சுக்களைத் தடவப்பெற்ற சிசுக்களிடையே இவ்வொவ்வாமை மிகுதியாயிருப்பதைக் கண்டனர். 2008இல் அவர்களே, இங்கிலாந்தில் வாழும் யூதப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 1.85 பேருக்கிருந்த ஒவ்வாமை, சிறுவயதிலேயே கச்சான் பண்டம் உண்ணும் இஸ்ரேலியப் பிள்ளைகளிடத்தில் 0.17 மாத்திரமே என்று காட்டினர். இறுதியாக 2015இல், கடுங்கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடைய 640 சிசுக்களை இரு கூறாக்கி ஐந்து வயது வரை தொடர்ந்து கவனித்ததில், கச்சானை விலக்கியோருள் நூற்றுக்கு 17.2 பேருக்கும், வாரந்தோறும் உண்டோருள் 3.2 பேருக்குமே ஒவ்வாமை காணப்பட்டது. புண்பட்ட தோலின் வழியாகச் சரீரத்தை முதலில் சந்திக்கும் புரதம் பகையாகிறது; வாயின் வழியாக வந்தது உறவாகிறது. (உண்ணக் கொடுப்பதென்றால் அரைத்துக் குழைத்தே கொடுக்கவேண்டும், முழுப்பருப்பு சுவாசக் குழாயில் சிக்கும் ஆபத்து ஒவ்வாமையினும் நமக்கு அணித்தானது.)

இந்த முடிபு நம் வீடுகளை நோக்கி ஒரு வினாவை எழுப்புகிறது. சிசுவின் உடலெங்கும் தேங்காயெண்ணெய் தேய்த்தல் இந்நாட்டின் சகல சமூகத்தாரிடமும் உள்ள வழக்கம். தேங்காய் ஒவ்வாமையோ இந்நாட்டு வைத்தியர்கள் நிஜமாகவே சந்திக்கும் நோய். தேங்காயில் இனங்காணப்பட்ட ஒவ்வாமைப் புரதங்களுள் ஒன்று, கச்சானின் அரா எச் 1 எந்தக் குலமோ அதே விசிலின் குலம். சுத்திகரியாத எண்ணெயில் புரதத்தின் சுவடு தங்கக்கூடும். நல்ல தோலிலே தேய்க்கும் எண்ணெயைப் பழிக்க நான் முற்படவில்லை. கரப்பானால் வெடித்துக் கசியும் தோலிலே அதைத் தேய்க்கலாமா, அன்னப்பிராசனத்துக்கு முன்னரே தோலின் வழி தேங்காயை அறிமுகம் செய்வது தகுமா என்று கேட்கிறேன். இக்கேள்விக்கு விடையளிக்கும் பொறுப்பை வேறெந்தத் தேசத்தாரிடமும் விட்டுவிட முடியாது.

சிகிச்சையைப் பற்றி இனிச் சொல்லவேண்டும். 2020 ஜனவரியில் அமெரிக்க அரசு அனுமதித்த கச்சான் தூள் மருந்து, அரை மில்லிகிராம் புரதத்தில் தொடங்கி முந்நூறு மில்லிகிராம் வரை மாதக்கணக்கில் ஏற்றிச்செல்வது. 2018இல் வெளியான பரிசோதனையில், அதை உண்ட பிள்ளைகளுள் நூற்றுக்கு 67 பேர் அறுநூறு மில்லிகிராமைத் தாங்கினர், போலி மருந்துண்டோருள் நால்வரே தாங்கினர். உணவு ஒவ்வாமைக்கென்று 2024 பெப்ரவரியில் அங்கே அனுமதி பெற்ற ஓமலிசுமாப் என்னும் ஊசி மருந்து, இம்யூனோகுளோபுலின்-ஈ மாஸ்ற் கலத்தைச் சென்றடையுமுன் வழிமறிக்கிறது. இரண்டும் அறிவின் அரிய சாதனைகள். இரண்டும் நோயின் மூலத்தைக் களைவனவல்ல. நிறுத்தினால் பலனும் நழுவக்கூடும். விலையையும் தொடர்ந்த மேற்பார்வையையும் எண்ணும்போது, நம் பொது வைத்தியசாலைகளின் வாசலை இவை விரைவில் மிதிக்கப்போவதில்லை.

ஆனால் 1901இல் ஜோகிச்சி தகாமினே பளிங்குருவில் பிரித்தெடுத்த அதிரனலின், விலையில் மிகக் குறைந்த ஒரு சிறு கண்ணாடிக் குப்பியாக நம் நாட்டில் உண்டு. உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் 0.01 மில்லிகிராம், வளர்ந்தோர்க்கு அரை மில்லிகிராமுக்கு மேற்படாமல், தொடையின் வெளிப்புறத் தசையில், தாமதமின்றி: அனபிலக்சிஸ் என்னும் கடும் ஒவ்வாமை அபாயத்துக்கு முதல் ஔஷதம் உலகெங்கும் இதுவே. இதன் பெருமைக்கு நம் நாட்டிலேயே பிறந்த சான்று ஒன்று உண்டு. பாம்புக்கடிக்கு ஏற்றும் குதிரைச் சீரம் உண்டாக்கும் கடும் விளைவுகளைத் தடுக்க எது உதவும் என்று 1007 நோயாளரிடத்துச் செய்து 2011இல் இலங்கை வைத்தியர்கள் வெளியிட்ட ஆய்வில், முன்கூட்டியே ஏற்றிய சிற்றளவு அதிரனலின் முதல் ஒரு மணித்தியாலத்தில் அவ்விளைவுகளை நூற்றுக்கு 43 வீதம் குறைத்தது. நாம் பழக்கத்தாலே முதலில் கைநீட்டி எடுக்கும் ஹைட்ரோகோட்டிசோனும் புரோமெதசீனும் பயனளிக்கவில்லை. இவ்வாய்வைச் செய்த நாட்டிலே, கொழுந்து மலையில் குளவி கொட்டி இளைத்து வீழ்ந்த தொழிலாளி, நெடுந்தூரம் லொறியிற் கிடந்து வந்த பின்னரே இவ்வூசியைக் காண நேருமாயின், மூலக்கூறுகளைப் பற்றி நாம் பேசும் பேச்செல்லாம் வீண்.

ஒவ்வாமை என்னும் முத்திரையைக் குத்துவதிலும் நிதானம் வேண்டும். கடலிலிருந்து மலையேறிக் கண்டிச் சந்தைக்கு வருமுன் வெயிலில் கிடந்த சூரை மீனிலே, கிருமிகள் ஹிஸ்ரமினைத் தாமே விளைவித்துவிடும். சமைத்தாலும் அது அழியாது. அம்மீனை உண்டவர் முகம் சிவந்து தடித்து வந்தால், குற்றம் அவர் உடலிலல்ல, பனிக்கட்டியிட மறந்தவரிடம். அவரை ஆயுள் முழுவதும் மீனுண்ணாதிரு என்று விதிப்பது அநியாயம்.

ஆகையால் இவ்வவையினரிடம் இரண்டு வேண்டுகோள்கள் விடுக்கிறேன். ஒவ்வாமையால் வரும் நோயாளரின் குருதிநீர் மாதிரிகளை, அவர்தம் சம்மதத்தோடு, முறையாகச் சேமித்து, நம் உணவின் புரதங்களோடு ஒப்புநோக்கும் பணியை மருத்துவபீடத்தாரும் விவசாயபீடத்தாரும் கூடித் தொடங்கவேண்டும். அதற்கும் முன்னதாக, மலைநாட்டின் ஒவ்வொரு தோட்ட வைத்தியசாலையிலும் காலாவதியாகாத அதிரனலின் குப்பியும், அதை எங்கே எவ்வளவு ஏற்றுவதென்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிய பலகையும், ஏற்றத் துணிந்த ஒரு கையும் இருக்கவேண்டும். நிகழ்ச்சிநிரலில் பிற்பகலுக்கென்று ஒதுக்கப்பட்டிருக்கும் தோட்ட வைத்திய உதவியாளர்களின் அமர்வைத் தலைவரின் அதிகாரத்தைக் கொண்டு முற்பகலுக்கு மாற்றி, அவர்களையே முதலில் பேச வருமாறு அழைக்கிறேன். மூலக்கூறு அறிஞர்கள் பொறுத்தருள்க.