கணினியும் அதன் வலு வழங்கியும்

தமக்கு வேண்டிய கணினியை உறுப்புறுப்பாக வாங்கித் தாமே பூட்டிக்கொள்ளும் வழக்கம் இன்று பல நாடுகளிற் பரவியிருக்கிறது. இதில் ஈடுபடும் புதியவர் ஒருவர் கடைக்குச் சென்றால் நிகழ்வது பெரும்பாலும் ஒன்றே. கையிலுள்ள பணத்திற் பெரும்பங்கு முறைவழியாக்கிக்கும் வரைகலை அட்டைக்கும் போய்விடும். அடுத்து நினைவகம், தாய்ப்பலகை, வன்தட்டு என்பன வரும். பின்னர், கண்ணாடிக் கதவும் வண்ண விளக்கும் கொண்ட ஓர் அழகிய கூடு கண்ணைக் கவரும். எல்லாம் வாங்கியபின் எஞ்சுகின்ற சில்லறைக்கு எது அகப்படுமோ அதுவே வலு வழங்கியாக அமைந்துவிடும். கடைவீதியில் ‘பவர் சப்ளை’ என வழங்குவது இதுவே. பல கணினிகளை அமைத்துப் பழகியவரோ இந்த வரிசையைத் தலைகீழாக்குவார். எந்த வலு வழங்கி என்பதை முதலில் தீர்மானித்துவிட்டே ஏனையவற்றுக்குப் பணத்தைப் பங்கிடுவார். இத்தகையோர் அப்பெட்டியிடம் எதிர்பார்ப்பது யாது என்பதே இப்பேச்சின் பொருள்.

சுவரிலுள்ள செருகியிலிருந்து வருவது ஆடலோட்டம். இலங்கையில் அது 230 வோல்ற்று. வினாடிக்கு 50 தடவை திசை மாறிச் சுழல்வது. கணினியின் உறுப்புக்களுக்கோ 12, 5, 3.3 என்னும் சிறிய வோல்ற்றளவுகளில் நேரோட்டம் வேண்டும். முன்னையதைப் பின்னையதாக்கித் தருவதே வலு வழங்கியின் தொழில். சொல்வதற்கு எளிதான இத்தொழிலைச் செய்வதற்குப் பழைய முறையில் கனத்த இரும்பு நிலைமாற்றி ஒன்று வேண்டியிருந்தது. அது நிறையும் மிகுந்தது. வெப்பமும் மிகுதியாகக் கக்குவது. 1977 இல் வெளிவந்த அப்பிள் 2 என்னும் கணினி விசிறியின்றி இயங்க வேண்டும் என விரும்பப்பட்டதால், ரொட் ஹோல்ற் என்ற பொறியியலாளர் அதற்கு ஆளி முறையில் இயங்கும் இலேசான வழங்கி ஒன்றை அமைத்தார். அம்முறையை அவரே கண்டுபிடித்தார் எனச் சிலர் எழுதுவதுண்டு, அது மிகைக்கூற்று. செய்மதிகளிலும் பெருங் கணினிகளிலும் அம்முறை முன்னரே இடம்பெற்றிருந்தது. உயர்ந்த வோல்ற்றளவைத் தாங்கி விரைந்து இயங்கும் திரான்சிற்றர்கள் மலிந்தமையே அதனை வீட்டுக் கணினிக்குள் கொண்டுவந்தது.

ஆளி முறையில், வரும் ஆடலோட்டம் முதலில் உயர்ந்த வோல்ற்றளவுள்ள நேரோட்டமாக்கப்படுகிறது. பின்னர் திரான்சிற்றர்கள் அதனை வினாடிக்குப் பல்லாயிரந் தடவை வெட்டி வெட்டி விடுகின்றன. மீடிறன் அவ்வளவு உயர்ந்துவிட்டால், கைக்குள் அடங்கும் சிறு நிலைமாற்றியே போதுமானதாகிறது. 1981 இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணினியின் வழங்கி 63.5 வாற்று மட்டுமே தந்தது. ஒரு பழைய குமிழ் விளக்கின் அளவு. இன்று ஒரு வரைகலை அட்டை மாத்திரமே அதைப்போல் ஐந்து, ஆறு மடங்கு கேட்பதுண்டு.

பழைய வழங்கிகள் பலவற்றின் பின்புறத்திற் சிறிய செந்நிற ஆளி ஒன்று இருந்தது. ஒரு பக்கத்தில் 115 என்றும் மறுபக்கத்தில் 230 என்றும் எழுதியிருக்கும். 115 இல் வைத்தால் உள்ளே வோல்ற்றளவை இருமடங்காக்கும் சுற்று இயங்கும். 230 வோல்ற்று வழங்கப்படும் நாட்டில் ஒருவர் அறியாது அதனை 115 இல் வைத்துச் செருகியைப் பொருத்தினால், ஒரே வெடியோசையோடு அன்றைய வேலை முடிந்துவிடும். இன்றைய நல்ல வழங்கிகள் 100 முதல் 240 வரை எதனையும் தாமே ஏற்றுக்கொள்வதால் அவ்வாளி மறைந்துவிட்டது. அதன் மறைவுக்காக எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை.

கணினி அமைப்போர் முதலில் வேண்டுவது நிலைபேறு. 1995 இல் இன்ரெல் நிறுவனம் வகுத்த ஏ.ரி.எக்ஸ். அமைப்பின்படி, 12 வோல்ற்று எனப்படுவது நூற்றுக்கு ஐந்துக்கு மேல் விலகலாகாது. அதாவது 11.4 இற்கும் 12.6 இற்கும் இடையில் நிற்றல் வேண்டும். சும்மா இருக்கும் கணினி திடீரெனப் பெருங்கணக்கொன்றை எடுத்துச் சுமை பன்மடங்கு ஏறும்போதும் இவ்வெல்லை மீறப்படலாகாது. இன்னொன்று குற்றலை. நேரோட்டம் என்று சொன்னாலும் அதன்மீது நுண்ணிய நடுக்கம் ஒன்று எஞ்சியே இருக்கும். 12 வோல்ற்றில் இது 120 மில்லிவோல்ற்றுக்கும், 5 வோல்ற்றிலும் 3.3 வோல்ற்றிலும் 50 மில்லிவோல்ற்றுக்கும் மேற்படலாகாது. தரமான வழங்கிகள் இதிற் பாதிக்கும் குறைவாகவே காட்டுகின்றன. நடுக்கம் மிகுந்தால் கணினி உடனே பழுதாகிவிடாது. காரணந் தெரியாமல் நின்றுபோகும், எழுதிக்கொண்டிருந்தது மறையும், உரியவர் நினைவகத்தைக் குறைசொல்வார், மென்பொருளைக் குறைசொல்வார், ஒவ்வொன்றாக மாற்றியும் பார்ப்பார். உண்மைக் குற்றவாளியோ கூட்டின் அடியில் இருக்கும்.

மின்சாரம் ஒரு கண்ணிமைப்பொழுது தடைப்படுவதும் உண்டு. அவ்வேளையில், தன் பெரிய கொள்ளளவியில் தேக்கிய வலுவைக்கொண்டு சுமார் 17 மில்லிவினாடியாவது வழங்கி தாக்குப்பிடித்தல் வேண்டும் என்பது நெடுங்காலம் வழங்கிவந்த விதி. 50 தடவைச் சுழற்சியில் ஒரு சுற்று 20 மில்லிவினாடி. ஆதலால் இது ஏறக்குறைய ஒரு சுற்றுக் காலம். மின்கலத்தோடு கூடிய யு.பி.எஸ். கருவி தன் பக்கத்துக்கு மாறுவதற்குச் சில மில்லிவினாடிகள் எடுக்கும். அந்த இடைவெளியைக் கடத்திவிடுவது வலு வழங்கியே. மலிவான பெட்டியிற் கொள்ளளவியைச் சிறுக்கச்செய்து காசு மிச்சம்பிடித்திருந்தால், யு.பி.எஸ். இருந்தும் கணினி அணைந்துபோவதைக் காணலாம்.

இவையெல்லாவற்றினும் மேலாகக் கருதப்படுவது, வழங்கி தான் பழுதுறும்போது எவ்வாறு பழுதுறுகிறது என்பது. எந்தப் பொருளும் ஒருநாள் கெடும். நல்ல வழங்கி கெடும்போது தான் மட்டும் கெடும். சுமை மிஞ்சினாலும், குறுஞ்சுற்று நேர்ந்தாலும், வெப்பம் ஏறினாலும், வோல்ற்றளவு எல்லை கடந்தாலும், அதனுள்ளிருக்கும் காப்புச் சுற்று உடனே அனைத்தையும் நிறுத்திவிடும். அக்காப்பில்லாத பெட்டியில் கட்டுப்பாடு தவறி 12 வோல்ற்றுக் கம்பியில் அதற்கு மிகக் கூடியது பாய்ந்தால், தாய்ப்பலகையும் வன்தட்டுக்களும் ஒருங்கே கருகும். தாய்ப்பலகையை வேறொன்று வாங்கலாம். ஒரு குடும்பத்தின் பத்தாண்டுப் படங்களும், ஒரு மாணவர் எழுதி முடித்த ஆய்வேடும் கடையில் அகப்படா.

பெட்டியின் மேலட்டையைப் படிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும். முகப்பிலே 500 எனப் பெரிய எழுத்திற் பொறித்திருக்கும். உள்ளே ஒட்டிய சீட்டைப் பார்த்தால், 12 வோல்ற்றுக்கு நேரே 20 அம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் வருவது 240 வாற்றே. இன்றைய முறைவழியாக்கியும் வரைகலை அட்டையும் ஏறக்குறைய முழுவதையும் 12 வோல்ற்றிலேயே எடுப்பதால், மிகுதித் தொகை வெறும் அலங்காரம். ஒரு கணம் மட்டும் தரக்கூடிய உச்ச வலுவை, இடையறாது தரும் வலுவைப்போல் எழுதும் தந்திரமும் உண்டு. அனுபவசாலி சீட்டில் 12 வோல்ற்று வரியையே முதலிற் படிப்பார். பெட்டியைக் கையிலேந்தி நிறை பார்ப்போரும் உளர். உள்ளே வெப்பங்கடத்தும் அலுமினியத் தகடும் நல்ல சுருள்களும் இருந்தால் கனக்கும் என்பது கணக்கு. இது ஓரளவுக்கே நம்பத்தக்க சோதனை.

2004 இல் அமெரிக்காவில் ‘80 பிளஸ்’ என்னும் சான்று தோன்றியது. முழுச்சுமையின் நூற்றுக்கு 20, 50, 100 என்னும் மூன்று நிலைகளிலும் வினைத்திறன் நூற்றுக்கு 80 இற்குக் குறையலாகாது என்பது அதன் நிபந்தனை. பின்னர் வெண்கலம், வெள்ளி, தங்கம் எனப் படிகள் வந்தன. 300 வாற்று வேண்டும் கணினிக்கு, 80 வீத வினைத்திறனுள்ள வழங்கி சுவரிலிருந்து 375 வாற்றை இழுக்கும். 90 வீதமானது 333 வாற்றை இழுக்கும். இடையிலுள்ள 42 வாற்றும் அறைக்குள் வெறும் வெப்பமாகக் கழிகிறது. மின்கட்டணம் ஒருபுறமிருக்க, அவ்வெப்பத்தை வெளியேற்ற விசிறி இரைந்து சுழலவும் வேண்டும். ஆயினும் தங்க முத்திரை கண்டவுடன் ஐயமற வாங்கிவிடலாம் எனக் கொள்வது தவறு. அம்முத்திரை முக்கியமாக வினைத்திறனையே அளப்பது. குற்றலையையோ காப்புச் சுற்றுக்களையோ அது தொடுவதில்லை. மேலும் அச்சோதனை 23 பாகை செல்சியசை ஒட்டிய அறைவெப்பநிலையில் நடப்பது. வெப்பநாட்டிலே மூடிய கூட்டினுள் வேலை செய்யும் பெட்டிக்கு அந்தக் குளிர்ச்சி கிட்டுவதில்லை. 40, 50 பாகையிலும் முழு வலுவை இடையறாது தருவதாக உறுதி கூறும் வழங்கிக்கு அறிந்தோர் கூடுதல் விலை கொடுப்பதற்குக் காரணம் இதுவே.

வெப்பத்துக்கு முதலிற் பலியாவது மின்பகு கொள்ளளவி. அதனுள்ளிருக்கும் திரவம் நாளடைவில் வற்றுகிறது. வெப்பநிலை 10 பாகை குறையுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியியலாளர் கைக்கொள்ளும் கணக்கு. ஆகவே 85 பாகைக்குரியதை விட்டு 105 பாகைக்குரியதைத் தேடுகின்றனர். 2000 ஆம் ஆண்டையடுத்த சில ஆண்டுகளில், திரவக் கலவை பிழைத்த கொள்ளளவிகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்து, உலகெங்கும் தாய்ப்பலகைகளிலும் வழங்கிகளிலும் தலை வீங்கி வெடித்தன. வழங்கிகளின் பெட்டிகளில் ‘ஜப்பானியக் கொள்ளளவி’ என்ற வாசகத்தை வாங்குவோர் தேடிப் பார்ப்பது அந்தக் கசப்பினால் வலுத்த வழக்கம்.

கம்பிகளைப் பற்றியும் ஒரு சொல். வேண்டிய கம்பியை மட்டும் செருகிக்கொள்ளும் வழங்கிகள் இன்று பலராலும் விரும்பப்படுகின்றன. கூட்டினுள் காற்றோட்டத்துக்கு அவை நல்லன. ஆனால் கம்பியின் வழங்கிப் பக்கத்து முனைக்குப் பொதுவிதி எதுவும் இல்லை. ஒரு நிறுவனத்தின் கம்பி மற்றொன்றின் துளையில் அழகாகப் பொருந்தும். உள்ளே 5 வோல்ற்று இருக்கவேண்டிய இடத்தில் 12 இருக்கும். ஆளியை அழுத்திய கணமே வன்தட்டுக்கள் எரிந்துபோகும். ஒரே நிறுவனத்தின் இருவேறு மாதிரிகளுக்கிடையிலும் இவ்வேறுபாடு உண்டு. வழங்கியை மாற்றும்போது, சோம்பலினாற் பழைய கம்பிகளை அப்படியே விட்டுவைப்போர் இவ்விழப்புக்கு ஆளாகின்றனர்.

2022 இல் வகுக்கப்பட்ட புதிய விதிகள், 16 முனைகள் கொண்ட ஒரே இணைப்பினால் வரைகலை அட்டைக்கு 600 வாற்று வரை செலுத்த இடமளித்தன. 12 வோல்ற்றில் இது 50 அம்பியர். சின்னஞ்சிறு முனைகள் ஆறு அதனைச் சுமக்கவேண்டும். அவ்வாண்டின் பிற்பகுதியிலேயே சில இணைப்புக்கள் உருகின என்ற செய்திகள் வந்தன. முழுவதும் உள்ளே செருகப்படாமை முக்கிய காரணமாகக் காணப்பட்டது. 2023 இல் அமைப்பைத் திருத்தி, அரைகுறையாகச் செருகினால் வலு செல்லாதிருக்கும் வண்ணம் உணர்முனைகளைக் குறுக்கினர். செருகியவன் மேல் மட்டும் பிழையைச் சுமத்துவது நியாயமன்று. கைபிசகை எதிர்பார்த்து அமைப்பதும் பொறியியலின் கடனே. அதே விதிகள், இத்தகைய அட்டைகளுக்கென அமைந்த வழங்கி, தன் அளவின் இருமடங்குச் சுமையை ஒரு வினாடியின் பதினாயிரத்தில் ஒரு பங்கு நேரம் தாங்கவேண்டும் என்றும் விதித்தன. அட்டைகள் அவ்வாறு திடீரெனத் துள்ளி இழுப்பதால், முன்னர் நல்ல வழங்கிகள்கூடக் காப்புச் சுற்று விழித்து அணைந்ததுண்டு.

எத்தனை வாற்று வாங்குவது என்ற வினாவுக்கு விடை கடினமன்று. உறுப்புக்களின் உச்சத் தேவையைக் கூட்டி, அதன்மேல் மூன்றில் ஒரு பங்கு அளவு விட்டுவைத்தாற் போதும். 400 வாற்றுக் கணினிக்கு 1200 வாற்றுப் பெட்டி வீண் செலவு. அந்தப் பணத்திற் சிறியதும் தரமானதுமான ஒன்றை வாங்கலாம்.

பூட்டி முடித்தபின் கவனிக்க வேண்டியவை சில. செருகியின் புவித்தொடுப்பு உண்மையிலேயே நிலத்தோடு தொடர்புடையதா என ஒரு மின்னியலாளரைக் கொண்டு பார்த்துக்கொள்ளல் வேண்டும். அது இல்லாத வீட்டிற் கணினிக் கூட்டைத் தொட்டால் விரல் சிலிர்க்கும். விசிறியின் வாயில் தூசு அடையாதிருக்க மாதமொருமுறை துடைக்கலாம். வழங்கியின் மூடியை மட்டும் கழற்றலாகாது. செருகியைப் பிடுங்கிய பின்னரும் உள்ளேயுள்ள பெரிய கொள்ளளவியில் 300 வோல்ற்றுக்கு மேற்பட்ட மின் சிறிது நேரம் தேங்கி நிற்கும்.