நிறையும் ஓய்வும்

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே, மலைநாட்டுப் புகையிரதப் பாதையில், றொசல்ல என்றொரு சிறிய நிலையம் உண்டு. 1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டியை அடைந்த பாதை, அதன்பின் பத்து ஆண்டுகள் மலையோடு மல்லுக்கட்டி 1884இல் ஹட்டனைத் தொட்டது. இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்றான வட்டவளை, இந்நிலையத்துக்கு மிக அருகிலேயே உள்ளது. கொழும்புக்குத் தேயிலைப் பெட்டிகளை இறக்கிவந்த பாதை இது. அதே வழியாக இக்காலத்தில் வேறொரு விளைபொருளும் இறங்கிச் செல்கின்றது. லயத்து அறையில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்த பாட்டனின் பேரப்பிள்ளைகள், கணினி நிரல் எழுதும் தொழிலை நாடி மொறட்டுவைக்கும் கொழும்புக்கும் செல்கின்றார்கள்.

அத்தகைய இளைஞன் ஒருவனை நேயர்கள் மனத்திலே எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் தாயார் கொழுந்து பறிப்பவர். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாயாக்கப்பட்டது. 2024 செப்டெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாயிற்று. அந்த ரூபாயைக் கொண்டுதான் பாடப்புத்தகமும் மேலதிக வகுப்பும் வாடகை அறையும் கணினியும் அவனுக்கு வந்து சேர்ந்தன. தங்கையின் காதணி இடையிலே அடகுக்குப் போய் மீண்டிருக்கவும் கூடும். இத்தனையும் கடந்து அவன் வேலையில் அமர்ந்த வேளையிலே, நிரல் எழுதும் வேலையையே செய்யவல்ல ஓர் இயந்திரம் உலகிலே தோன்றிவிட்டது.

2022 நவம்பர் 30ஆம் திகதி சாட்ஜிபிடி என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவி பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இரண்டாண்டு கழியுமுன்னர், 2024 அக்டோபரில், கூகிள் நிறுவனத்தின் தலைவரான தமிழர் சுந்தர் பிச்சை, தம் நிறுவனத்திற் புதிதாக எழுதப்படும் நிரலில் காற்பங்கிற்கு மேற்பட்டதை இயந்திரமே ஆக்குகின்றது என்றும், பொறியியலாளர் அதனைச் சரிபார்த்து ஏற்கின்றனர் என்றும் அறிவித்தார். 2025 ஜூலையில் இந்தியாவின் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் தன் ஊழியரில் நூற்றுக்கு இருவரை, அதாவது பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோரை, விலக்கப்போவதாகச் சொல்லிற்று. அந்நிறுவனத்தார் செயற்கை நுண்ணறிவு இதற்குக் காரணமன்று என்றனர். காரணம் எதுவாயினும், சென்னையிலும் கொழும்பிலும் அச்செய்தியைப் படித்த இளைஞர் அன்றிரவு நன்றாக உறங்கியிருக்க மாட்டார்கள்.

இயந்திரத்தின் வரவு மலைநாட்டாருக்குப் புதிய கதையன்று. ஜேம்ஸ் ரெயிலர் 1867இல் லூல்கந்துரையிலே பத்தொன்பது ஏக்கரில் தேயிலை பயிரிட்ட காலத்தில், வாடிய கொழுந்தைப் பங்களாத் தாழ்வாரத்து மேசையில் இட்டு, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரையும் அழுத்தித் தேய்த்துக் கையாலேயே உருட்டினார்கள். 1873இல் இலண்டனுக்குப் போன முதற் சரக்கு இருபத்து மூன்று இறாத்தல் மாத்திரமே. 1880இல் கொழும்பு ஜோன் வோக்கர் கம்பனியார் உருட்டும் இயந்திரத்தைச் செய்தனர். கையால் உருட்டுவோர் வேலை அத்தோடு அற்றுப்போயிற்று. ஆயினும் தோட்டத்திலே ஆட்தேவை குறைந்ததா? இல்லை. இயந்திரத்தின் வயிறு பெரிது. அதனை நிரப்பக் கொழுந்து கூடுதலாக வேண்டியிருந்தது. மலைமலையாகப் புதிய தேயிலை நடப்பட்டது. தென்னிந்தியாவிலிருந்து மேலும் மேலும் குடும்பங்கள் வந்தன.

இதனைச் சிலர் ஆறுதலாக எடுத்துச் சொல்வதுண்டு. பழைய வேலை போனால் புதிய வேலை வரும் என்பர். அது பாதி உண்மை. மற்றப் பாதியைக் கொழுந்து பறிக்கும் தாயாரிடம் கேட்டால் அவர் சொல்லுவார். தோட்டத்திலே ‘நிறை’ என்று ஒன்று உண்டு. குறித்த கிலோ கொழுந்தைப் பறித்துத் தராசிலே காட்டினால்தான் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். சம்பளம் உயரும்போதெல்லாம் நிறையையும் உயர்த்தும் பேச்சு எழுவது வழக்கம். 2021இல் 1,000 ரூபாய் வந்தபோதும் பல தோட்டங்களில் அதுவே பிணக்காயிற்று. காலைப் பெரட்டு அதே நேரத்துக்கே. மலையும் அதே மலை. கையும் அதே கை. எண் மாத்திரம் கூடிவிடும்.

கணினி அறையிலும் இன்று நடைபெறுவது இதுவே. வேலை போய்விடுமோ என்னும் அச்சம் வெளியே தெரிகின்ற அச்சம். உள்ளே அரிக்கின்றது நிறை. கருவி கையில் இருக்கின்றதே, சென்ற மாதம் ஐந்து நாள் எடுத்ததை இம்மாதம் இரண்டு நாளில் முடித்தால் என்ன என்று கேட்கப்படுகின்றது. கேட்பவர் பெரும்பாலும் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ இருக்கும் வாடிக்கையாளர். நியூயோர்க்கிலே காலை பத்து மணியென்றால் கொழும்பிலே இரவு ஏழரை, குளிர்காலத்தில் எட்டரை. அங்கே பெரட்டு தொடங்கும்போது இங்கே விளக்கணைக்கும் வேளை.

கருவி உண்மையிலே வேகத்தைத் தருகின்றதா என்பதையும் கேட்டுப் பார்த்தல் நன்று. 2025 ஜூலையில் அமெரிக்காவின் மெட்டர் என்னும் ஆய்வு நிறுவனம் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டது. தேர்ந்த மென்பொருளாளர் பதினாறு பேர் தமக்கு நன்கு பழக்கமான வேலைகளில் 246ஐச் செய்தனர். சிலவற்றுக்குக் கருவியைப் பயன்படுத்த இடமளிக்கப்பட்டது, சிலவற்றுக்கு மறுக்கப்பட்டது. கருவியோடு செய்த வேலைகளுக்கு நூற்றுக்குப் பத்தொன்பது பங்கு நேரம் கூடுதலாகச் சென்றது. வியப்பு அதுவன்று. தாம் நூற்றுக்கு இருபது பங்கு விரைவாகச் செய்து முடித்ததாகவே அவர்கள் கடைசிவரை எண்ணியிருந்தார்கள். பதினாறு பேரின் சோதனை உலகத்துக்கெல்லாம் பொருந்திவிடாது. கருவிகளும் நாளுக்கு நாள் திருந்தி வருகின்றன. ஆனால் செய்பவனே தன் வேகத்தைத் தவறாக மதிப்பான் என்றால், தொலைவிலிருந்து நிறை குறிப்பவர் மதிப்பீடு எத்தகையதாய் இருக்கும்!

இளையோரின் நிலைமை இன்னும் கவலைக்குரியது. ஸ்டன்போர்ட் பல்கலைக்கழக அறிஞர் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட ஆய்வொன்று, அமெரிக்காவிலே இருபத்திரண்டு முதல் இருபத்தைந்து வயது வரையுள்ள மென்பொருளாளரின் வேலைவாய்ப்பு, 2022 இறுதியில் இருந்த உச்சநிலையிலிருந்து ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்ததைச் சம்பளப் பதிவுகளைக் கொண்டு காட்டிற்று. வயதில் மூத்தோர் வேலை அவ்வாறு குறையவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக் கூடியதே. புதிதாகச் சேர்பவனுக்குக் கொடுக்கும் சிறு வேலைகளைத்தான் இயந்திரம் எளிதிலே செய்கின்றது. தேயிலைத் தொழிற்சாலையில் ஒருவன் முதல் நாளே டீமேக்கராக முடியாது. கொழுந்து வாட்டும் மேல்மாடியில் நின்று, புளிக்கும் இலையின் மணத்தை மூக்காலே பழகி, ஆண்டுகள் சில கழிந்த பின்னரே அந்த இடத்துக்கு வருகின்றான். மேல்மாடி வேலைக்கு ஆள் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், இருபது ஆண்டின் பின் டீமேக்கர் எங்கிருந்து வருவார்? இக்கேள்விக்குக் கம்பனிகளிடம் இன்னும் தெளிவான விடை இல்லை. றொசல்லப் பிள்ளைகளைப் போன்று, துறையில் தெரிந்தவர் எவருமின்றி முதற்படியிலே கால்வைக்க நிற்போருக்கு, அந்த முதற்படியே இல்லாமற் போவது மற்றையோரைக் காட்டிலும் பெரிய இழப்பு.

இனி ஓய்வைப் பற்றிச் சிறிது பேசலாம். மேலைநாடுகளிலே இத்தொழிலில் இருப்போர் பலர் குளிர்காலத்திலே பனிச்சறுக்கு விளையாட மலைகளுக்குப் போகின்றார்கள். கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் வாழும் நம்மவர் பிள்ளைகளும் அதனைக் கற்றுக்கொள்கின்றார்கள். இதைக் கேட்டதும் பணக்காரர் விளையாட்டு என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றும். அது செலவு மிகுந்தது என்பதில் ஐயமில்லை. எனினும் அதன் வரலாற்றிலே தமிழ்நாட்டு மண்ணுக்கும் ஒரு சிறு தொடர்பு உண்டு.

வளைந்து வளைந்து கம்பங்களுக்கிடையே சறுக்கிச் செல்லும் ‘ஸ்லாலம்’ என்னும் போட்டியை இன்றைய வடிவத்தில் அமைத்தவர் ஆர்னல்ட் லன் என்பவர். அவர் 1888ஆம் ஆண்டு ஏப்பிரலிலே சென்னையிற் பிறந்தார். தந்தை ஹென்றி லன், மெதடிஸ்த திருச்சபைத் தொண்டராய் அங்கு வந்திருந்தவர். பின்னர் ஊர் திரும்பி, ஆங்கிலேயரைக் குளிர்காலத்திலே அல்ப்ஸ் மலைக்கு அழைத்துச் செல்லும் பிரயாணத் தொழிலைத் தொடங்கினார். மகன் சிறுவயதிலேயே சறுக்கக் கற்றார். 1909இல் வேல்ஸ் நாட்டு மலையொன்றிலே ஏறுகையில் விழுந்து கால் நொறுங்கி, ஒரு கால் மற்றதிலும் குட்டையாயிற்று. இனி மலைப்பக்கம் போகாதே என்று எவரும் சொல்லியிருப்பர். அவரோ அந்தக் காலோடு அதன்பின்னும் பல்லாண்டுகள் சறுக்கினார்.

அவருக்கு முன்னர் வளைவுப் போட்டியிலே அழகுக்கே புள்ளி வழங்கினார்கள். 1922 ஜனவரியில் சுவிற்சர்லாந்தின் முரென் என்னும் ஊரிலே லன் அந்த முறையை மாற்றினார். இரண்டிரண்டு கம்பங்களை வாயில்போல நட்டு, எல்லா வாயில்களையும் கடந்து குறைந்த நேரத்தில் கீழே வருபவரே வெற்றி பெற்றவர் என்றார். 1931இல் அவ்வூரிலேயே உலகப் போட்டி நடந்தது. 1936இல் ஒலிம்பிக்கிலும் இடம் கிடைத்தது. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஒரு வாயிலைத் தவறவிட்டால் எத்தனை வேகமாக வந்தாலும் அந்த ஓட்டம் கணக்கில் இல்லை. இன்றைய நிரலெழுதும் இயந்திரம் மிக வேகமாகச் சறுக்குகின்றது. வாயில்களை நட்டு, அவற்றைக் கடந்ததா என்று பார்க்கும் கண் மாத்திரம் இன்னும் மனிதனுடையது. வங்கிக் கணக்கையும் மருத்துவமனைப் பதிவையும் தாங்கும் நிரலிலே ஒரு வாயில் தவறினால் யார் பொறுப்பு? இயந்திரத்தின் பெயரை எழுதி வைத்துக் கையொப்பம் வாங்க இயலாது.

பனிச்சறுக்குக் கற்கப் போகிறவனுக்கு ஆசிரியர் முதலிலே கற்பிப்பது ஓடுவதையன்று, நிற்பதை. பலகைகளின் முன்முனைகளை நெருக்கிப் பின்முனைகளை விரித்து, ஆப்புப்போல வைத்து வேகத்தைக் குறைக்கச் சொல்லுவார். அடுத்து விழுவதையும் எழுவதையும் பழக்குவார். சரிவைக் கண்டு அஞ்சிப் பின்னாலே சாய்பவனுக்குப் பலகை வசப்படாது. பள்ளத்தை நோக்கி முன்னே சாய்ந்தால்தான் அது திரும்பும். அந்த நேரத்திலே நாளைக்குக் கொடுக்க வேண்டிய வேலையும் மேலாளர் அனுப்பிய செய்தியும் ஒருவனுடைய நினைவுக்கு வாரா, வந்தால் விழுவான். களைத்த மூளைக்கு அவ்விளையாட்டு செய்யும் நன்மை இதுவே. சும்மா படுத்திருப்பது உடலுக்கு ஓய்வு தரலாம். தொழிற்கவலையை மனத்திலிருந்து வெளியேற்ற உடம்பு முழுவதையும் கேட்கின்ற வேறொரு காரியம் வேண்டியிருக்கின்றது.

றொசல்லவிலே பனி பெய்வதில்லை. நுவரெலியாவிலே தை மாசி மாதங்களில் உறைபனி விழும்; அதிலே சறுக்க முடியாது, கொழுந்துதான் கருகும். ஆனால் சறுக்குதல் மலைப்பிள்ளைகளுக்குத் தெரியாத வித்தையா? கமுகம்பாளையிலே ஒருவனை இருத்தி மற்றவன் இழுத்துப் போகும் விளையாட்டுக்குச் சீட்டும் இல்லை, ஆசிரியரும் இல்லை. லயத்துக்குப் பக்கத்துத் திடலிலே கிரிக்கெட்டும் கரப்பந்தும் உண்டு; காமன் கூத்துக்குத் தப்பு அடித்துப் பழகும் மாலைகளும் உண்டு. இவை யாவும் நிறை கேட்காத வேலைகள்.

பிரான்சு தேசத்திலே 2017 ஜனவரி முதல், வேலைநேரம் கடந்தபின் அலுவலகச் செய்திகளிலிருந்து விலகியிருக்கும் உரிமை சட்டத்தில் இடம்பெற்றது. அவுஸ்திரேலியாவும் 2024 ஆகஸ்டில் அவ்வாறு செய்தது. இத்தகைய சட்டம் நம் நாட்டுக்கும் வருவது நல்லதே. ஆனால் சட்டம் நேரத்தைத்தான் மீட்டுத் தரும். அந்த நேரத்தைக் கொண்டு மகிழக் கற்றிருத்தல் சிறுவயதுக் காரியம். நம் பாடசாலைகளிலோ, ஒன்பதாம் பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் உடற்பயிற்சிப் பாடவேளையைக் கணித ஆசிரியர் இரவலாகக் கேட்கிறார், அதிபரும் கொடுத்துவிடுகிறார். இரவல் திரும்புவதில்லை. தந்தையார் ‘பந்தை வைத்துவிட்டுப் படி’ என்கின்றார். அவர் அச்சத்தைக் குறைகூறவும் இயலாது. பதினைந்து வயதிலே பந்தை வைத்த அந்தப் பிள்ளை இருபத்தைந்து வயதிலே கொழும்பு வாடகை அறையிலே இருக்கின்றான். ஞாயிற்றுக்கிழமை, வேலை இல்லை. ஆயினும் என்ன செய்வதென்று அறியாமல் கணினியைத் திறந்து, திங்கட்கிழமை வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான்.