காய்ச்சல்னு போனா, காட்டுக்குப் போனதையும் சொல்லுங்க

வைல்ட்லைஃப் ஃபீல்டுவொர்க்னு சொன்னாலே நமக்குப் புலியும் யானையும்தான் ஞாபகம் வரும். ஆனா மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள்ல வேலை பார்க்கிறவங்க தினமும் உடம்புல தேடுறது உண்ணியை.

1957ல கர்நாடகாவோட சிவமொக்கா மாவட்டத்துல, கியாசனூர் காட்டுப் பக்கம் குரங்குகள் வரிசையா செத்துச்சு. சுத்துப்பட்டு கிராமத்து ஜனங்களுக்கும் காய்ச்சல். அதுதான் குரங்குக் காய்ச்சல். வைரஸைப் பரப்புறது உண்ணி. குரங்கு செத்ததும் அதோட உடம்புல இருந்த உண்ணிகள் அந்த இடத்துலயே உதிர்ந்து, அடுத்த ஆளுக்காகக் காத்திருக்கும். 2012ல பந்திப்பூர்ப் பக்கம் இந்தக் காய்ச்சல் யாருக்கு வந்துச்சு தெரியுமா? செத்த குரங்குகளை எரிக்கிற வேலை பார்த்த வனத் தொழிலாளர்களுக்கு.

இன்னொன்னு ஸ்க்ரப் டைபஸ். இது தமிழ்நாட்டுலயும் நிறையவே இருக்கு. புதர்ல இருக்கிற, கண்ணுக்கே சரியா தெரியாத ஒரு பூச்சிக் குஞ்சு கடிக்கும். கடிச்சது தெரியவே தெரியாது. ஒண்ணு ரெண்டு வாரம் கழிச்சு காய்ச்சல், தலைவலி. பார்க்க டெங்கு மாதிரியே இருக்கும். சிலருக்கு அக்குள், இடுப்பு, தொடை இடுக்குல சிகரெட் சூடு மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். அதுதான் பெரிய க்ளூ. சீக்கிரம் கண்டுபிடிச்சு டாக்ஸிசைக்ளின் கொடுத்தா, பெரும்பாலும் ரெண்டு நாள்ல காய்ச்சல் இறங்கிடும். லேட்டானா நுரையீரல், சிறுநீரகம், மூளை வரைக்கும் போகலாம்.

அதனால கேம்ப்ல இதெல்லாம் தினசரி பழக்கம்: பேண்ட்டை சாக்ஸுக்குள்ள விடு. புல்லுல நேரா உட்காராத. திரும்பி வந்ததும் துணியை மாத்தி, குளிச்சு, உடம்பு முழுக்கப் பாரு. உண்ணி ஒட்டியிருந்தா சூடு வைக்காத, மண்ணெண்ணெய் ஊத்தாத. ட்வீஸரால தோலை ஒட்டிப் பிடிச்சு, நேரா இழு.

இதுல ரெண்டு பேருக்கு ரெண்டு விதமான சிக்கல். ஆராய்ச்சி மாணவர் ஊருக்குத் திரும்பி சிட்டி டாக்டரைப் பார்ப்பார். காட்டுல இருந்தது தெரியலன்னா டாக்டர் டெங்கு டெஸ்ட்தான் எழுதுவார். லாக் இல்லாம பக் தேடுற கதை. தினக்கூலி வாட்சர் அண்ணனுக்கோ, ஒரு நாள் படுத்தா ஒரு நாள் கூலி போச்சு. பாராசிட்டமால் போட்டுட்டு அடுத்த ரோந்துக்குக் கிளம்பிடுவார். ஃபீல்டு டீம் நடத்துறவங்க காய்ச்சல் லீவுக்கும் சம்பளம் கொடுத்தா, அதுவே பாதி வைத்தியம்.

வீக்கெண்ட் ட்ரெக் போற நமக்கும் இது பொருந்தும். அடுத்த ரெண்டு மூணு வாரத்துல காய்ச்சல் வந்தா, டாக்டர் கேட்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க: "நான் காட்டுக்குப் போயிருந்தேன்."